கப்பலை இழந்த கோர்சேர் அணி: விஎஃப்-17, ஜனவரி 1943 முதல் ஏப்ரல் 1944 வரை

கோர்சேர் என்ற சண்டை விமானத்தை ஓட்டிய அமெரிக்கக் கடற்படையின் விஎஃப்-17 அணி 1943 ஜனவரி 1 அன்று நார்ஃபோக் தளத்தில் தொடங்கப்பட்டது. 1944 ஏப்ரல் 10 அன்று கலைக்கப்பட்டது. ஆயுள் பதினைந்து மாதம் சொச்சம். அதில் போர்முனையில் நின்றது 76 நாள். அந்த நாட்களுக்குள் 152 ஜப்பானிய விமானங்களை வீழ்த்தியதாகக் கணக்கில் ஏறியிருக்கிறது. சில பட்டியல்கள் ஒன்றிரண்டு கூடுதலாகவும் காட்டும். இந்த அணியைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இந்த எண்ணோடு நின்றுவிடுகிறார்கள்.

இந்த ஆய்வு எடுத்துக்கொள்வது வேறொரு கேள்வி. விமானந்தாங்கிக் கப்பலுக்கென்றே உருவாக்கி, கப்பலிலேயே பழக்கி, அட்லாண்டிக் கரையிலிருந்து பனாமா வழியாகப் பசிபிக் வரை கொண்டுபோன ஓர் அணியை, சண்டைக்குச் சில வாரங்களே இருந்த நிலையில் கப்பலிலிருந்து இறக்கினார்கள். ஏன் இறக்கினார்கள், அது சரியான முடிவுதானா, அதன் பிறகு என்ன ஆயிற்று என்பதே இங்கே விஷயம். ஆட்களைப் பொறுப்பை வைத்து மட்டும் குறிப்பிடுகிறேன்.

பின்னணி: வேகம் இருந்தது, கப்பலின் தளத்தில் இறங்க வரவில்லை

கோர்சேர் விமானத்தின் முன்மாதிரி 1940 மே 29 அன்று முதன்முதலாகப் பறந்தது. அதே ஆண்டு அக்டோபரில் மணிக்கு 400 மைலைத் தாண்டியது. 2,000 குதிரைத்திறன் கொண்ட ஆர்-2800 இன்ஜின், அதன் வலுவை இழுக்க 13 அடிக்கு மேல் விட்டமுள்ள புரொபெல்லர். அத்தனை பெரிய புரொபெல்லர் தரையில் உரசக் கூடாது. சக்கரக் கால்களும் நீண்டு பலவீனப்படக் கூடாது. அதனால்தான் இறக்கையைக் கீழ்நோக்கி மடித்து மறுபடி மேலேற்றினார்கள். கோர்சேரைத் தூரத்திலிருந்தே அடையாளம் காட்டும் அந்த வளைவு அழகுக்காக வந்ததல்ல.

சிக்கல் அடுத்த கட்டத்தில் வந்தது. இறக்கைகளில் கூடுதல் துப்பாக்கி வைக்க வேண்டியிருந்ததால் எரிபொருள் தொட்டி விமானத்தின் உடலுக்குள், விமானிக்கு முன்னால் போனது. விமானியின் இருக்கை மூன்றடி பின்னுக்கு நகர்ந்தது. காற்றில் பறக்கும்போது இதனால் பெரிய குறையில்லை. கப்பலில் இறங்க மூக்கைத் தூக்கி மெதுவாக வரும்போதோ விமானிக்கு எதிரே தெரிவதெல்லாம் இன்ஜின் உறை மட்டும்தான். கப்பலின் பின்முனையில் இடப்பக்கம் நின்று இரு கைகளிலும் துடுப்புகளோடு சைகை காட்டும் அதிகாரியை அவர் கடைசி நொடி வரை பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கோர்சேரில் மிக முக்கியமான தருணத்தில் அவர் மூக்குக்குப் பின்னால் மறைந்துவிடுவார்.

1942 செப்டம்பரில் சாங்கமன் கப்பலில் நடந்த சோதனை இதை எல்லாரும் அறியும்படி வெளிக்கொண்டுவந்தது. கடற்படை விமானத்தைக் கைவிடவில்லை. தரையிலிருந்து பறக்கும் மரைன் படைக்குக் கொடுத்தது. அவர்கள் 1943 பிப்ரவரியில் சாலமன் தீவுகளின் குவாடல்கனாலில் அதைச் சண்டைக்கு இறக்கினார்கள். கப்பல்களுக்கு ஹெல்கேட் என்ற இன்னொரு சண்டை விமானம் தயாராகிக்கொண்டிருந்தது. அதே இன்ஜின் குடும்பம், வேகத்தில் கொஞ்சம் குறைவு, ஆனால் புதிய விமானிகூடப் பயமில்லாமல் தளத்தில் இறக்கலாம். கையில் இரண்டு விமானங்கள் இருந்தபோது கடற்படை ஒன்றை மட்டும் தேர்ந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. அப்படிச் செய்யாமல் விஎஃப்-12, விஎஃப்-17 என்ற இரு கடற்படை அணிகளுக்கும் கோர்சேரைக் கொடுத்தார்கள். விஎஃப்-12 தளத்தில் இறங்கப் பழகி முடித்தது. பிறகு ஹெல்கேட்டுக்கு மாறிப் போய்விட்டது. விஎஃப்-17 விடாமல் பிடித்துக்கொண்டது.

நார்ஃபோக், மாண்டியோ: பயிற்சிக் காலம்

அணித் தலைவர் அனுபவசாலி. 1942 நவம்பரில் வட ஆப்பிரிக்கத் தரையிறக்கத்தின்போது வழிதவறி, எரிபொருள் தீர்ந்து கடலில் இறங்கி, ரப்பர் படகில் மூன்று நாள் மிதந்து மீண்டவர். அவருக்குக் கீழே வந்தவர்களில் பலர் பயிற்சிப் பள்ளியிலிருந்து நேராக வந்த இளைஞர்கள். தாழப் பறந்து ஊர் மக்களை மிரட்டுவது, தளத்துக்கு மேலே வேடிக்கைச் சண்டை போடுவது என்று புகார்கள் குவிந்தன. கடைசியில் அணி நார்ஃபோக்கிலிருந்து வட கரோலினாவின் மாண்டியோ துணைத் தளத்துக்கு அனுப்பப்பட்டது. கோர்சேர் என்றால் கடற்கொள்ளையன். அதற்கேற்ப மண்டையோடும் குறுக்கெலும்பும் இன்ஜின் உறையில் ஏறின.

இந்தச் சேட்டைகளை வீரக் கதையாகச் சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. பயிற்சியிலேயே உயிர்கள் போயின. ஆனால் மாண்டியோவுக்கு ஒதுக்கியதில் ஒரு நன்மை இருந்தது. மேலதிகாரிகளின் பார்வை படாத இடத்தில், விமானத்தை அதன் எல்லை வரை ஓட்டிப் பார்த்து எங்கே கடிக்கிறது என்று கண்டுபிடிக்க நேரம் கிடைத்தது.

என்ன கண்டார்கள், எதைத் திருத்தினார்கள்

நான்கு கோளாறுகள் திரும்பத் திரும்ப வந்தன. மூக்கு நீளம் முதலாவது. இரண்டாவது, இறங்கும் வேகத்தில் இடது இறக்கை முன்னதாகத் தூக்குவிசையை இழந்து சட்டென்று சாய்வது. தளத்துக்கு மேலே சில அடி உயரத்தில் இது நடந்தால் திருத்திக்கொள்ள நேரமே இருக்காது. மூன்றாவது, சக்கரக் கால்களின் அதிர்வுதாங்கி விறைப்பாக இருந்ததால் விமானம் தளத்தில் மோதித் துள்ளுவது. துள்ளினால் விமானத்தின் வால் கொக்கி, அதைப் பிடித்து நிறுத்தத் தளத்தின் குறுக்கே கட்டிய தடுப்பு வடத்தைத் தாண்டிவிடும். முன்னால் நிற்கும் விமானங்கள் மீது போய் விழ வேண்டியதுதான். நான்காவது அற்பமாகத் தெரியும்: இன்ஜின் உறையின் மேல்மடல்களிலிருந்து ஹைட்ராலிக் எண்ணெய் கசிந்து முன் கண்ணாடியில் படியும். ஏற்கனவே பாதி தெரியாத விமானிக்கு மீதியும் மங்கிப்போகும்.

விமானத் தொழிற்சாலையின் பொறியாளர்கள் அணியோடு ஒட்டி வேலை செய்தார்கள். விமானி சொன்ன குறை அலுவலகங்கள் வழியே ஊர்ந்து போகாமல் நேராக வரைபட மேசைக்குப் போன வாய்ப்பு இது. இருக்கை உயர்த்தப்பட்டது, விமானியின் தலைக்கு மேல் கம்பிச் சட்டங்கள் குறுக்கிட்ட பழைய கண்ணாடி மூடிக்குப் பதில் புடைத்த மூடி வந்தது. எண்ணெய் ஒழுகிய மேல்மடல்களை அடைத்துவிட்டார்கள். தொட்டியைச் சுற்றிய இணைப்புகளில் எரிபொருள் கசிவதற்கு நாடா ஒட்டினார்கள். அந்தக் காலத்துப் புகைப்படங்களில் இன்ஜினுக்கும் கண்ணாடிக்கும் இடையே கோணல்மாணலாக வெள்ளைப் பட்டைகள் தெரியுமே, அவை அந்த நாடாதான்.

இடது இறக்கைக் கோளாறுக்குக் கிடைத்த தீர்வு இன்னும் எளிமையானது. வலது இறக்கையின் முன்விளிம்பில், துப்பாக்கிகளுக்கு வெளிப்புறமாக, ஆறு அங்குல நீளத்தில் ஒரு சிறு பட்டையைப் பொருத்தினார்கள். அது வலது இறக்கையின் தூக்குவிசையையும் சேர்த்துக் குறைக்கும். இரண்டு இறக்கைகளும் ஒரே நேரத்தில் தொய்யும். கெட்ட இறக்கையைச் சரிசெய்ய முடியாதபோது நல்ல இறக்கையையும் அதே அளவுக்குக் கெடுத்தார்கள். வேலை செய்தது.

துள்ளல் மட்டும் முழுதாக அடங்கவில்லை. அதிர்வுதாங்கியின் வால்வையும் காற்றழுத்தத்தையும் மாற்றி அதை அடக்கியது 1944இன் தொடக்கத்தில்தான். அதற்குள் இந்த அணி சாலமன் தீவுகளில் சண்டையில் இருந்தது. அடுத்த முடிவை மதிப்பிடும்போது இதை நினைவில் வைக்க வேண்டும்.

1943 ஜூலையில் அணி பங்கர் ஹில் கப்பலில் ஏறி, அந்தப் புதிய கப்பலின் முன்னோட்டப் பயணத்தில் பழகியது. உயர்ந்த இருக்கையுள்ள புதிய கோர்சேர்கள் அதன் பிறகு கைக்கு வந்தன. செப்டம்பரில் கப்பல் நார்ஃபோக்கை விட்டுப் புறப்பட்டது.

முதல் முடிவு: கப்பலிலிருந்து இறக்கம்

சான் டியேகோவைத் தாண்டி ஹவாய் நோக்கிப் போகும் வழியில் செய்தி வந்தது. பங்கர் ஹில்லில் விஎஃப்-18 தன் ஹெல்கேட்களோடு ஏறும். விஎஃப்-17 தரைத் தளத்துக்குப் போகும்.

காரணம் உதிரி பாகங்கள். பசிபிக்கில் இருந்த மற்ற பெரிய கப்பல்கள் எல்லாம் ஹெல்கேட்டில் ஓடின. கிடங்குகளும் வழங்கல் கப்பல்களும் அதற்கேற்ப நிரப்பப்பட்டிருந்தன. ஒரே ஒரு கப்பலில் 36 கோர்சேர்கள் இருந்தால் அதற்கென்று தனி இறக்கை, தனி சக்கரக் கால், தனி புரொபெல்லர் என்று ஒரு முழு வரிசை தேவை. இன்ஜின் குடும்பம் ஒன்றே என்றாலும் வகை வேறு. கடலில் ஒரு கப்பலிலிருந்து இன்னொன்றுக்கு விமானத்தை மாற்றி இறக்கினால் அங்கே பழுதுபார்க்க ஆளுமில்லை, பொருளுமில்லை. தரையிலோ நிலைமை வேறு: சாலமன் தீவுகளில் மரைன் படையின் கோர்சேர்கள் ஏற்கனவே இருந்தன, பாகங்களும் இருந்தன.

அன்றைய நிலையில் இது நியாயமான முடிவு என்றே நினைக்கிறேன். வீரம் எவ்வளவு இருந்தாலும் பாகம் இல்லாத விமானம் தளத்தில் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும். ஆனால் இந்த முடிவு வெளியே போன விதத்தில் ஒரு குளறுபடி நடந்தது. சாங்கமன் சோதனையின் கெட்ட பெயர் ஏற்கனவே இருந்ததால், “கோர்சேரைக் கப்பலிலிருந்து எடுத்துவிட்டார்கள்” என்ற செய்தி “கோர்சேர் கப்பலுக்கு ஆகாது” என்று மாறிப் பரவியது. கிடங்குக் கணக்கால் எடுத்த முடிவு, விமானத்தின் குணம் பற்றிய தீர்ப்பாகப் பதிந்துபோயிற்று. இன்றும் பல நூல்களில் இரண்டும் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கின்றன.

ஒண்டோங்கா, நவம்பர் 11

அக்டோபர் கடைசியில் அணி நியூ ஜார்ஜியா தீவின் ஒண்டோங்கா ஓடுதளத்துக்கு வந்தது. பவளப்பாறையை உடைத்துச் சமப்படுத்திய ஓடுதளம், கூடாரம், சேறு. பக்கத்தில் நியூசிலாந்தின் கிட்டிஹாக் விமானங்கள். நவம்பர் 1 அன்று பூகன்வில் தீவின் எம்ப்ரஸ் அகஸ்டா விரிகுடாவில் மரைன் படை தரையிறங்கியபோது மேலே காவல் பறந்ததுதான் முதல் சண்டை. அன்றே எதிரி விமானங்களை வீழ்த்தினார்கள்.

பத்து நாள் கழித்து நடந்ததுதான் இந்த ஆய்வின் மையம். நவம்பர் 11 அன்று எஸ்ஸெக்ஸ், பங்கர் ஹில், இண்டிபெண்டன்ஸ் ஆகிய மூன்று கப்பல்களும் ஜப்பானின் பெரிய தளமான ரபவுல் துறைமுகத்தைத் தாக்கின. கப்பல்களின் சொந்தச் சண்டை விமானங்கள் குண்டுவீச்சு விமானங்களுக்குத் துணையாகப் போக வேண்டும். அப்போது கப்பல்களைக் காப்பது யார்? தரையிலிருந்து விஎஃப்-17ஐக் கூப்பிட்டார்கள். ஒண்டோங்காவில் கழற்றி வைத்திருந்த வால் கொக்கிகளை மெக்கானிக்குகள் மறுபடி பொருத்தினார்கள்.

இருட்டோடு கிளம்பிய கோர்சேர்கள் கப்பல்களுக்கு மேலே காவல் சுற்றின. எரிபொருள் குறைந்ததும் பங்கர் ஹில்லிலும் எஸ்ஸெக்ஸிலும் இறங்கின. ஆறு வாரத்துக்கு முன் தங்களை இறக்கிவிட்ட கப்பலில், அதே தளத்தில், போர்க்காலத்தில் இறங்கினார்கள். பெரிய விபத்து எதுவும் இல்லை. எரிபொருளும் தோட்டாவும் நிரப்பிக்கொண்டு மறுபடி மேலேறினார்கள். பிற்பகலில் நூற்றுக்கும் மேற்பட்ட ஜப்பானிய விமானங்கள் திருப்பித் தாக்க வந்தன. அணி அன்று மட்டும் 18 விமானங்களுக்கு உரிமை கோரியது. கப்பல்கள் மீது ஒரு குண்டும் நேரடியாக விழவில்லை.

கோர்சேர் தளத்தில் இறங்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அன்று வேறில்லை. ஆனால் ஒரு நல்ல நாள் கிடங்குகளை நிரப்பாது. அணி ஒண்டோங்காவுக்கே திரும்பியது. டிசம்பர் தொடக்கத்தில் முதல் சுற்று முடிந்து ஓய்வுக்குப் போனது.

பூகன்வில், ஜனவரி முதல் மார்ச் வரை

1944 ஜனவரி கடைசியில் இரண்டாம் சுற்று. இப்போது தளம் பூகன்விலின் பீவா. அங்கிருந்து ரபவுல் சுமார் 220 மைல். வேலை, டைவ்பாம்பர்களுக்கும் டார்ப்பிடோ விமானங்களுக்கும் துணை போவது. முதல் வாரம் கொடுமையாக இருந்தது. அடுத்தடுத்துப் பல விமானிகள் திரும்பவில்லை. துணை விமானங்கள் குண்டுவீச்சு விமானங்களை ஒட்டியே பறக்க வேண்டியிருந்தது; மேலே சாவகாசமாக ஏறிக் காத்திருந்த ஸீரோ என்ற ஜப்பானியச் சண்டை விமானங்களுக்கு உயரமும் நேரமும் சாதகம்.

தலைவர் முறையை மாற்றினார். குண்டுவீச்சுக் கூட்டத்துக்குச் சில நிமிடம் முன்னதாக ஒரு சிறு குழுவை 30,000 அடிக்கு மேலே அனுப்பினார். கூட்டத்தோடு ஒட்டியிருக்கும் கட்டாயம் அதற்கு இல்லை. ரபவுலுக்கு மேலே ஸீரோக்கள் ஏறி அணிவகுக்கும் இடத்திலேயே அவற்றைக் கலைப்பதுதான் வேலை. கோர்சேருக்கு உயரத்திலும் பாய்ச்சலிலும் இருந்த பலத்தை முழுதாகப் பயன்படுத்தும் திட்டம் இது. பிப்ரவரியில் எண்ணிக்கை வேகமாக ஏறியது. பிப்ரவரி 17, 18 தேதிகளில் ஜப்பானின் இன்னொரு தளமான ட்ரக் தீவு தாக்கப்பட்டபின் ஜப்பான் தன் மீதி விமானங்களை ரபவுலிலிருந்து அங்கே எடுத்துக்கொண்டது. பிப்ரவரி 19 அன்று ரபவுலின் மேலே நடந்ததுதான் அங்கே கடைசிப் பெரிய வான்சண்டை. அன்று அணியின் ஒரு விமானி தனியாக மாட்டி, மூன்று ஸீரோக்கள் துரத்த, கடல்மட்டத்தை ஒட்டி நெடுந்தூரம் ஓடித் தப்பினார். அவர்தான் அணியின் அதிகபட்ச எண்ணிக்கைக்குச் சொந்தக்காரர், 16 விமானங்கள்.

இந்த எண்களைப் பற்றி ஒரு வார்த்தை. 152 என்பது விமானிகளின் அறிக்கையிலிருந்து ஏற்றுக்கொள்ளப்பட்ட கணக்கு. எல்லாத் தரப்பிலும் வான்சண்டைக் கணக்குகள் உண்மை இழப்பைவிட உயர்ந்தே இருக்கும், ரபவுலும் விதிவிலக்கல்ல. அணியின் தரப்பில் பத்துக்கும் மேற்பட்ட விமானிகள் திரும்பவில்லை என்பதில் அந்தச் சந்தேகத்துக்கு இடமில்லை. அவர்களில் சிலரைக் கொன்றது ஸீரோ அல்ல, தரையிலிருந்து சுட்ட பீரங்கி.

இரண்டாம் முடிவு: கலைப்பு

மார்ச் தொடக்கத்தில் அணி பூகன்விலை விட்டது; ஏப்ரல் 10 அன்று கலைந்தது. எட்டே நாளில் அதே எண்ணில் வேறொரு அணி ஹெல்கேட்களோடு தொடங்கப்பட்டது.

சண்டையில் நிரூபித்த அணியை ஏன் கலைக்க வேண்டும்? கடற்படையின் வழக்கம் அது. போர்முனை அனுபவம் உள்ளவர்களைப் பிரித்துப் புதிய அணிகளுக்கு விதையாகக் கொடுப்பார்கள். ஓர் அணி அப்படியே நின்றால் ஓர் அணிதான். பிரித்தால் பலவற்றுக்கு உதவும். ஆட்களைப் பொறுத்தவரை இதில் தவறில்லை. ஆனால் இந்த அணியிடம் ஆட்களோடு இன்னொரு சொத்தும் இருந்தது: கோர்சேரைக் கப்பலில் வைத்து ஓட்டும் அறிவு. சைகை அதிகாரி, தள ஊழியர், மெக்கானிக், விமானி ஆகியோர் சேர்ந்து பழகிய அறிவு அது. தனித்தனி ஆட்களாகப் பிரிந்ததும் அதில் பாதி சிதறிவிடும்.

பின்விளைவு

கலைப்புக்கு ஒன்பது நாள் கழித்து, ஏப்ரல் 19 அன்று, திருகோணமலையிலிருந்து புறப்பட்ட பிரிட்டிஷ் கப்பல் இல்லஸ்ட்ரியஸ், அமெரிக்கக் கப்பல் சாரடோகாவோடு சேர்ந்து சுமத்ராவின் சபாங்கைத் தாக்கியது. சாரடோகாவில் ஹெல்கேட்கள், இல்லஸ்ட்ரியஸில் 1830, 1833 அணிகளின் கோர்சேர்கள். அமெரிக்கா கப்பலுக்கு வேண்டாமென்று ஒதுக்கியதை பிரிட்டன் எடுத்துக்கொண்டிருந்தது. கப்பலின் உள்கொட்டகைக் கூரை தாழ்வாக இருந்ததால் இறக்கை நுனிகளில் எட்டு எட்டு அங்குலம் வெட்டினார்கள். நேராக வராமல் இடப்பக்கமாக வளைந்து வந்து, கடைசி வரை சைகை அதிகாரியைக் கண்ணில் வைத்து இறங்கினார்கள். விபத்துகள் இருந்தன, ஆனால் ஓட்டினார்கள்.

அதே ஏப்ரலில் கேம்பியர் பே கப்பலில் நடந்த சோதனைக்குப் பின் அமெரிக்கக் கடற்படையும் கோர்சேரைக் கப்பலுக்கு ஏற்றுக்கொண்டது. அதிர்வுதாங்கித் திருத்தம் அதற்குள் வந்திருந்தது. எனினும் அவசரம் பிறந்தது ஜப்பானிய விமானங்கள் கப்பல்கள் மீது மோதும் தற்கொலைத் தாக்குதல்கள் தொடங்கிய பிறகுதான். ஒவ்வொரு கப்பலுக்கும் கூடுதல் சண்டை விமானங்கள், அதுவும் வேகமாக மேலேறக்கூடியவை, தேவைப்பட்டன. 1944 டிசம்பர் இறுதியில் இரு மரைன் கோர்சேர் அணிகள் எஸ்ஸெக்ஸில் ஏறின. 1945இல் பங்கர் ஹில்லில் ஏறிய விஎஃப்-84, கோர்சேர் அணிதான். அதன் தலைவர் முன்பு விஎஃப்-17இன் துணைத் தலைவர். பழைய அணியினர் சிலரும் அவரோடு இருந்தார்கள். மே 11 அன்று இரண்டு தற்கொலை விமானங்கள் அந்தக் கப்பலைத் தாக்கின. இறந்தோர் ஏறக்குறைய 400 பேர். அவர்களில் விஎஃப்-84இன் விமானிகள் பலர்.

எதை மாற்றியிருக்கலாம்

1943 அக்டோபரில் அணியை இறக்கியதை நான் மாற்ற மாட்டேன். மாற்ற வேண்டியது அதன் அறிவிப்பை. காரணம் வழங்கல் என்று எழுத்தில் தெளிவாகப் பதிந்து, விமானத்தின் தள இறக்கம் பற்றிய மதிப்பீட்டைத் தனிக் கோப்பாகத் திறந்து வைத்திருக்க வேண்டும். நவம்பர் 11இன் இறக்கங்கள் அந்தக் கோப்பில் முதல் பதிவாகப் போயிருக்கும். அப்படி ஒரு கோப்பு இல்லாததால் அது ஒரு சாகச நாளாக மட்டும் எஞ்சியது.

இரண்டாவது, பாகங்கள். கப்பல் நார்ஃபோக்கை விட்டது செப்டம்பரில். அணிக்குக் கோர்சேர் என்பது ஜனவரியிலேயே முடிவானது. இடைப்பட்ட எட்டு மாதத்தில் பசிபிக் வழங்கல் பிரிவு எழுப்பியிருக்க வேண்டிய கேள்வி, விமானங்கள் பாதி உலகத்தைச் சுற்றிவந்த பிறகே எழுந்தது. விமானத்தைத் தேர்கிற மேசையும் கிடங்கை நிரப்புகிற மேசையும் ஒன்றையொன்று பார்க்கவில்லை.

கலைப்பைப் பொறுத்தவரை, விமானிகளைப் பிரித்ததை ஏற்கலாம். ஆனால் சைகை அதிகாரிகளையும் மெக்கானிக்குகளையும் ஒரு சிறு குழுவாக வைத்திருந்து, கேம்பியர் பே சோதனையிலும் அடுத்து கோர்சேர் ஏறிய ஒவ்வொரு கப்பலிலும் முதல் சில வாரம் நிறுத்தியிருக்கலாம். அதற்குப் பெரிய செலவு ஏதுமில்லை. ஓர் உத்தரவுத் தாள் போதும்.